சிப்பாயின் இருதயமும் சர்க்கார் கணக்கும்

அமெரிக்க தேசத்தில் பட்டாள சேவையினால் நோயாளியானவனுக்கு, அவனது இழப்புக்குத் தக்கபடி சர்க்கார் மாதந்தோறும் பணம் கொடுக்கின்றது. இதைத் தர்மம் என்று சொல்லுவோரும் உண்டு. தர்மமல்ல, கடன் என்றே நாம் சொல்லுகின்றோம். கடன் என்றால் கணக்கு வேண்டுமல்லவா? இருதய வால்வு கெட்டவனுக்கு அக்கணக்கு எப்படிப் போடப்படுகின்றது என்று பார்ப்போம்.

மனிதன் சும்மா நிற்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியை 1 மெட் என்று வைத்திருக்கின்றார்கள். எத்தனை மெட் வேலையில் மூச்சுத் திணறல், களைப்பு, நெஞ்சுவலி முதலியவை வருகின்றன என்பதே அளவுகோல். 3 மெட்டுக்குள் வந்தால் நூற்றுக்கு 100, 5க்குள் 60, 7க்குள் 30, 10க்குள் வந்தாலும், ஓயாமல் மருந்து வேண்டியிருந்தாலும் 10. இருதயம் பருத்தோ விரிந்தோ இருப்பது படத்தில் தெரிந்தாலும் 30 உண்டு. வால்வை மாற்றினால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாள் முதல் 100. வீடு திரும்பி 6 மாதம் கழித்து மறு பரிசோதனை. பரிசோதனை யந்திரத்தில் நடக்க முடியாதவனுக்கு, மாடிப்படி மெதுவாக ஏறினால் என்ன ஆகின்றது என்பது போன்ற உதாரணங்களைக் கொண்டு வைத்தியரே மதிப்பிடலாம். இது 2021ல் திருத்தப்பட்ட விதி.

ஜெனரல் இருதயத்துக்கு ஓர் அளவு, சிப்பாய் இருதயத்துக்கு ஓர் அளவு என்பது இதில் கிடையாது. இது நியாயம்.

ஆனால் வாசற்படியில்தான் வழுக்கல். சேவையை விட்ட 1 வருஷத்துக்குள் நோய் 10 அளவுக்காவது தலைகாட்டினால், அது சேவையில் வந்ததாகவே பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும். பிந்தித் தெரிந்தாலோ, சேவைக்கும் நோய்க்கும் உள்ள சம்பந்தத்துக்கு ருஜு வேண்டும். 2-வது உலக யுத்தத்தின்போது அமெரிக்கப் பயிற்சி முகாம்களில் ருமாட்டிக் ஜுரம் பரவிற்று. அது வால்வைக் கெடுத்தது வெளியில் தெரிய 10, 20 வருஷங்கூட ஆகலாம். இருதயத்துக்குக் காலண்டர் தெரியுமா?

இரு பக்கச் சாட்சியும் சமமாயிருந்தால் சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கே என்று சட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் தராசில் வைக்கக் காகிதம் வேண்டாமா? 1973ல் செயிண்ட் லூயிஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் சுமார் 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான பட்டாளத்தார் தஸ்தாவேஜுகள் அழிந்தன. தீ வைத்தவன் சிப்பாயா?

ஆகையால், காகிதத்தைக் காக்கும் பொறுப்பு எவருடையதோ, அது தொலைந்த நஷ்டமும் அவர் தலையிலேயே விழவேண்டும் என்கின்றோம். சிப்பாய்களுக்கும் ஒரு வார்த்தை: வைத்தியர் முன்னிலையில் "எனக்கொன்றுமில்லை" என்று மார் தட்டுவது வீரமல்ல. படியேறத் திணறினால் திணறுகின்றேன் என்று சொல்லுங்கள். கேட்பது பிச்சையல்ல, கொடுத்த கடன்.