வானம் பெரிது... கடைகள் இரண்டுதான்!

‘ஒரு ரூபாய்க்கு விமான டிக்கெட்!’ - ஏர் டெக்கான் இப்படி அறிவித்தபோது பலருக்கும் நம்பிக்கை வரவில்லை. 2003-ல் கேப்டன் கோபிநாத் தொடங்கிய அந்த நிறுவனம்தான், ரயிலை மட்டுமே அறிந்த நடுத்தரக் குடும்பங்களை விமானத்தில் ஏற்றிவைத்தது. ‘சூரரைப் போற்று’ படத்துக்குத் தூண்டுதலாக அமைந்ததும் அவர் வாழ்க்கைதான்.

1953-ல் நாட்டுடைமையான உள்நாட்டு விமானச் சேவையின் கதவு, 1990-களில்தான் தனியாருக்குத் திறந்தது. ஜெட் ஏர்வேஸ், ஏர் டெக்கான், கிங்ஃபிஷர், ஸ்பைஸ்ஜெட், இண்டிகோ என வரிசையாக வந்தார்கள். ஒருவர் கட்டணத்தைக் குறைத்தால் மற்றவரும் குறைத்தார். கொண்டாட்டம் பயணிகளுக்கு!

ஆனால், கணக்கு இடித்தது. டிக்கெட் வருமானம் ரூபாயில். விமான வாடகையோ டாலரில். எரிபொருள் விலை வேறு. சமாளிக்க முடியாமல் கிங்ஃபிஷர் 2012-லும், ஜெட் ஏர்வேஸ் 2019-லும், கோ ஃபர்ஸ்ட் 2023-லும் தரையிறங்கின. விஸ்தாரா 2024-ல் ஏர் இந்தியாவுடன் இணைந்தது.

இன்று உள்நாட்டில் பறக்கும் 10 பேரில் 6 பேருக்கு மேல் இண்டிகோவில்தான் போகிறார்கள். டாடாவின் ஏர் இந்தியா குழுமத்தையும் சேர்த்தால் சுமார் 9 பேர்.

இதன் விளைவு 2025 டிசம்பரில் தெரிந்தது. விமானிகளின் இரவுப் பணியைக் குறைத்து, ஓய்வைக் கூட்டும் புதிய விதிகள் நவம்பர் முதல் முழுமையாக அமலுக்கு வந்தன. அதற்கேற்ற ஆள்பலத்தைத் திட்டமிடாத இண்டிகோ, ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. கல்யாணம், வேலை, சிகிச்சை என்று கிளம்பியவர்கள் விமான நிலையங்களில் தவித்தார்கள். மற்ற நிறுவனங்களின் கட்டணம் பல மடங்கு எகிறியது.

500 கி.மீ வரை 7,500 ரூபாய், எவ்வளவு தொலைவானாலும் 18,000 ரூபாய் என அரசே உச்சவரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. அதைவிட முக்கியம், இண்டிகோவுக்கு இரவுப் பணி விதிகளிலிருந்து தற்காலிக விலக்கும் தரப்பட்டது. ஒரு நிறுவனம் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டால், பாதுகாப்புக்காகப் போட்ட விதிகூட அதற்காக வளைய வேண்டியிருக்கிறது!

போட்டி என்றாலே மலிவான டிக்கெட்தான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அது பயணிக்கான காப்பீடு. ஒரு பஸ் வராவிட்டால் ஏறிக்கொள்ள இன்னொரு பஸ் நிற்க வேண்டும். வானத்துக்கும் அதே நியாயம்தான்.