முதல் கேள்வியை மாத்துங்களேன்!

குட்டீஸ், புதுசா ஒரு பையனையோ, பொண்ணையோ பார்த்தால் முதலில் என்ன கேட்பீர்கள்? பெயர். சரி, அடுத்து?

"எந்த கிளாஸ் படிக்கிறே?"

மாமா, அத்தை, பக்கத்து வீட்டுத் தாத்தா எல்லாரும் உங்களிடம் கேட்பதும் இதைத்தானே! நானும் இத்தனை வருஷமாக இதையே கேட்டு வந்தேன். போன தை மாதம், ஒரு சனி, ஞாயிறில்தான் இது எப்பேர்ப்பட்ட கேள்வி என்று புரிந்தது.

என் தோழி ஒருத்தி தன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல், வீட்டிலேயே படிக்க வைக்கிறாள். 'ஹோம் ஸ்கூலிங்' என்பார்கள். அப்படிப்பட்ட ஏழு குடும்பங்கள் சேர்ந்து, ஜவ்வாது மலையில் இரண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்கப் போவதாகச் சொல்லி, எங்களையும் அழைத்தாள். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகளோடு வாணியம்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, ஆலங்காயம் வழியாக பஸ்ஸில் மலை ஏறினேன். காட்டுக்குள் எல்லாம் இல்லை. அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். தெரிந்தவர் ஒருவருடைய தோட்டம்.

அந்த மலையைத் தேர்ந்தெடுத்ததே வானத்துக்காகத்தான். அங்கே காவலூரில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கி, 1986ல் திறக்கப்பட்டது. நகரத்து வெளிச்சம் எட்டாத இடம் என்று பார்த்துப் பார்த்துப் பிடித்த இடம் அது. நாங்கள் போனதும் அமாவாசையை ஒட்டி.

மொத்தம் 15 பிள்ளைகள். 4 வயசு வாண்டு முதல், 14 வயசு அண்ணன் வரை. போனதுமே என் மகள் வழக்கமான கேள்வியை எடுத்து விட்டாள்.

"நீ எந்த கிளாஸ்?"

"கிளாஸ் எல்லாம் இல்லை" என்றது ஒன்று. "கணக்குல எட்டாவது மாதிரி, இந்தியில எல்.கே.ஜி., மாதிரி" என்று சிரித்தது இன்னொன்று.

மகள் என்னிடம் ஓடி வந்தாள். "அம்மா, அடுத்து என்ன பேசுறதுன்னே தெரியலைம்மா!"

தெரியாதுதான். கிளாஸ் கேட்டால், அப்புறம் ஸ்கூல், டீச்சர், ரேங்க் என்று வரிசையாக வண்டி ஓடும். அங்கே முதல் ஸ்டேஷனிலேயே நின்று விட்டது.

மதியம்தான் வம்பு. யார் தண்ணீர் எடுப்பது, யார் சுள்ளி பொறுக்குவது, யார் காய் நறுக்குவது என்று ஒரு சார்ட்டில் எழுதி, மரத்தில் கட்டியிருந்தார்கள். சிவப்புத் தொப்பி போட்ட பையன் ஒருவன் அதன் முன்னால் நின்று கொண்டிருந்தான். "சத்தமா படியேன், எல்லாருக்கும் கேட்கட்டும்" என்றாள் என் மகள். அவன் வாய் திறக்கவில்லை.

"ஒன்பது வயசாச்சுங்கிறே... படிக்கத் தெரியாதா?"

கத்தித்தான் கேட்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தொப்பியை இறக்கி விட்டுக் கொண்டு, கூடாரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து விட்டான்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக் கொள்வது என்று தெரியவில்லை. அவன் அம்மா கோபப்படவில்லை. "அவனுக்கு எழுத்து மெதுவாத்தான் வருது. அவசரப்படுத்தாம இருக்கேன். ஆனா, சில ராத்திரி எனக்கே பயமா இருக்கும்க்கா" என்றார். அந்த பதில்தான் என்னை இன்னும் குத்தியது.

'அந்தப் பையன் அப்புறம் பெரிய மேதை என்று தெரிந்தது' என்று எழுதுவேன் என்று நினைக்கிறீர்களா? அதெல்லாம் சினிமாவில். அவன் ஒரு சாதாரணப் பையன். அவமானப்பட்டவன். அவ்வளவுதான்.

அன்று இரவு மகள் தானாகவே போய், அவன் பாயில் உட்கார்ந்தாள். 'சாரி' சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. டார்ச்சுக்கு சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றும் வேலையை அவன் அவளிடம் கொடுத்தான். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிஷம் ஆகுமாம். நடுவில் வெள்ளை வெளிச்சம் பட்டால், மறுபடி முதலில் இருந்து! அதனால்தான் சிவப்பு. அப்புறம், தலைக்கு மேல் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை எண்ணும் போட்டி. என் மகளுக்கு 6, அவனுக்கு 7, வாண்டுக்கு 12. எனக்கு, கண்ணாடி போட்டும் 5தான். நிஜத்தில் அந்தக் கூட்டத்தில் ஆயிரத்துக்கும் மேல் நட்சத்திரங்கள் இருக்கின்றன.

காலையில், கூடாரத்தின் உள்பக்கம் எல்லாம் நீர்த்துளி. "ராத்திரி மழை பெஞ்சுதா?" என்று வாண்டு கேட்க, "நாம விட்ட மூச்சுல இருக்கிற நீராவிதான், குளிர்ந்த துணியில பட்டு தண்ணியாயிடுச்சு. ஆவி சுருங்குதல்" என்றாள் என் மகள். பாடப் புத்தகத்தில் அவள் படித்தது. எனக்குக் கொஞ்சம் பெருமைதான்! அதே நேரம், 13 வயசு அக்கா ஒருத்தி அந்த சார்ட்டை இறக்கி, ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் படம் வரையச் சொன்னாள். தண்ணீருக்குக் குடம், விறகுக்குச் சுள்ளி. மகள் வரைந்தாள், தொப்பிக்காரன் வண்ணம் அடித்தான். எழுத்துத் தெரியாத மற்ற நண்டு, சிண்டுகளும் அதைப் பார்த்துத் தங்கள் வேலைக்கு ஓடின.

பெரியது சிறியதற்குச் சொல்லிக் கொடுப்பது நம் ஊருக்குப் புதுசில்லை. 1789ல் சென்னை, எழும்பூரில் அனாதைச் சிறுவர்கள் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளிக்குக் கொண்டு வந்ததோடு, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளையே மற்றவர்களுக்குக் கற்றுத் தரவும் வைத்தார். 1797ல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில், இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்று ஒரு பள்ளி இருக்கிறது!

'அப்போ நாளையில இருந்து நானும் ஸ்கூலுக்குப் போகலை' என்று குதிக்காதீர்கள். வீட்டில் படிப்பவர்களுக்கும் பரீட்சை உண்டு. தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறார்கள். பெற்றோரில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும்! அதைவிட முக்கியம், ஞாயிறு மதியம் கூடாரத்தைப் பிரிக்கும்போது அழுத ஒரு பெண். "உனக்கு நாளைக்கே ஸ்கூல்ல ஃபிரண்ட்ஸ் வந்துடுவாங்க. நான் அடுத்த கேம்ப் வரைக்கும் காத்திருக்கணும்" என்றாள் என் மகளிடம். பள்ளிக்கூடம் உங்களுக்குத் தினமும் தருவது அதுதான்.

ஆனால், அந்த ஒரு கேள்வியை மட்டும் விட்டு விடலாமே என்பதுதான் என் கட்சி. வீட்டில் படிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். நம் தெருவிலேயே பாருங்கள்... உடம்பு சரியில்லாமல் ஒரு வருஷம் விட்டவன், செங்கல் சூளை வேலைக்கு ஊர் ஊராகப் போகும் அப்பா, அம்மாவோடு அலைகிறவள். 'எந்த கிளாஸ்' என்றதும் தலை குனிபவர்கள் எத்தனை பேர்!

பதிலுக்கு என்ன கேட்பது? "உனக்கு என்ன பிடிக்கும்னு கேட்கலாமே" என்றேன். "அது இன்டர்வியூ மாதிரி இருக்கும்மா. 'விளையாட வரியா'ன்னு கேட்டா போதும்" என்றாள் மகள். அவள் சொல்வதுதான் சரி.

திரும்பும் பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்த பாட்டி மகளைப் பார்த்து, "எத்தனாவது கண்ணு படிக்கிறே?" என்று கேட்டார்.

"ஆறாவது பாட்டி. நீங்க எத்தனாவது வரைக்கும்..." என்று ஆரம்பித்தவள், நாக்கைக் கடித்துக் கொண்டாள். பிறகு, "பையில என்ன பாட்டி?" என்றாள்.

சாமை! ஆலங்காயம் வரும்வரை, விதைத்த கதை, கிளி வந்து கொத்திய கதை, உரலில் குத்திய கதை என்று பாட்டி நிறுத்தவே இல்லை.