அடுப்பின் ஆவிக்கு ஒரு வழி



யாழ்ப்பாணக் கடனீரேரியின் கரையில் உள்ளது குருநகர். மீன்பிடித் தொழிலாளர் நிறைந்து வாழும் ஊர். அங்குள்ள தொடர்மாடி வீடுகளைப் போன்ற சிறிய வீடுகளில் குசினிக்கும் படுக்கைக்கும் சில எட்டுகள்தாம் தூரம். மீன் பொரித்தால் வாசனை தலையணை வரை வரும். வாசனையோடு எண்ணெயும் ஈரமும் வருகின்றன என்பதைத்தான் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்கள் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் ஆக்கி, உண்டு, உறங்கினார்கள். துன்பம் நிறைந்த வாழ்க்கைதான். ஆனால் கிடுகின் இடுக்குகள் வழியே ஆவியும் புகையும் வெளியேறின. சீமெந்துச் சுவருக்கும் கண்ணாடி யன்னலுக்கும் அந்த இடுக்குகள் இல்லை. ஆகவே கல் வீட்டில் வழியை நாமேதான் திறந்துவிட வேண்டும்.

சோற்றுப் பானையின் ஆவி கண்ணுக்குத் தெரியும். அடுப்புச் சுவாலையே நீராவி தருவது தெரியாது. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் நீர் ஆவியாகிறது. 12.5 கிலோ சிலிண்டர் தீரும்போது 19 லீற்றர் நீர் வீட்டுக்குள் வந்திருக்கும்! மாரியில் அது எளிதில் காயாது. கடற்காற்றின் உப்பும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் படிந்தால் சுவர் கறுக்கும், பூஞ்சணம் பிடிக்கும். இளைப்பு நோயுள்ள பிள்ளைக்கு அது பெரும் உபத்திரவம்.

செய்ய வேண்டியவை எளியவை. பானையை மூடிச் சமையுங்கள். மீனின் ஈரத்தை ஒற்றி எடுத்தபின் தாச்சியில் போடுங்கள், தெறிப்பு குறையும். எதிரெதிரே இரண்டு யன்னல்களைத் திறந்து வையுங்கள். சமையல் முடிந்தும் கால் மணி நேரம் மூடாதீர்கள். பிசுக்கை அன்றே சவர்க்காரம் கலந்த சுடுநீரால் துடைத்து, உலர்ந்த சீலையால் ஒற்றுங்கள். நாட்பட்டால் அது பிசினாக இறுகிவிடும். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

மழைக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டு அடுப்பெரிப்பதே பெரிய ஆபத்து. காற்றுப் போதாமல் எரியும் நெருப்பு காபன் மொனொக்சைட்டைத் தரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உயிரைப் பறிக்கும். கசியும் எரிவாயுவோ காற்றைவிடப் பாரமானது, தரையோடு தங்கும். 2021 இறுதியில் நம் நாட்டில் அடுத்தடுத்து நடந்த எரிவாயு வெடிப்புகளை மறக்க முடியுமா? மேலே யன்னல் மட்டும் போதாது, கதவின் கீழும் இடைவெளி வேண்டும். தாச்சி எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, மூடியால் மூடுங்கள்.

பாத்திரங்களை மூடிவைக்கவும், உறங்குமுன் நெருப்பை அணைக்கவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். சிறிய வீட்டில் அந்த ஏவலின் அருமை நன்கு விளங்கும்.

குடும்பத் தலைவர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் புகையில் நாள்தோறும் நிற்பவர் உங்கள் மனைவி, உங்கள் உம்மா. துருப்பிடித்துத் திறக்காத குசினி யன்னலைத் திருத்துவது அவர்கள் வேலையல்ல, உங்கள் வேலை. வெளிக்காற்றாடி பூட்ட வசதியிருந்தால் பூட்டுங்கள். அதன் வாய் அண்டை வீட்டு யன்னலைப் பார்க்காமலிருக்கட்டும். வரவேற்பறைக்குப் புதுத் திரைச்சீலை அடுத்த மாதம் வாங்கலாம். யன்னலை இந்த மாதமே திருத்துங்கள்.