தலைமன்னார் வரைக்கும் ஒரு டூர்

மாத்தளையில் யாரிடமாவது "லீவுக்கு எங்க போறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். சித்திரை என்றால் நுவரெலியா. ஆகஸ்ட் என்றால் திருகோணமலை, நிலாவெளி. ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும் என்றால் ரிவஸ்டன், பிட்டவல பத்தன, செம்புவத்த. கொழும்பிலிருந்து சொந்தக்காரர் வந்தால் தம்புள்ளை, சீகிரியா. தலைமன்னார் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நீங்களாகச் சொன்னாலும், "அங்க என்னா இருக்கு? ஒரே மணலும் வெயிலும்" என்பார்கள்.

மலையகத் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு நீண்ட டூர்தான் போகக் காசு சேரும் என்றால், அது மாத்தளையிலிருந்து தலைமன்னாருக்குப் போகிற டூராக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இரவில் தூங்கிக்கொண்டே போகாமல் பகலில் போக வேண்டும். வீட்டில் இருக்கிற வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

காரணம் அந்த ரோடு. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதி எங்கள் டவுனுக்கு ஊடாகத்தான் போகிறது. தினமும் அதைக் கடந்துதான் சந்தைக்கும் டியூஷனுக்கும் போய் வளர்ந்தோம். மதவாச்சி வரை அதில் போய், இடது பக்கம் ஏ14இல் திரும்பினால் தலைமன்னார். 19ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரம் கரையிலிருந்து படகில் மன்னார்க் கரைக்கு வந்து இறங்கியவர்கள், ஏறக்குறைய இதே வழியைத் தலைகீழாக நடந்து வந்தார்கள். மன்னார்ப் பக்கத்துக் காடு, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, பிறகு மாத்தளை. இங்கேதான் காடு முடிந்து மலை தொடங்கியது. இங்கிருந்துதான் கங்காணிமாரின் பின்னால் ஆளுக்கொரு தோட்டமாகப் பிரிந்து போனார்கள். தேயிலை அப்போது இல்லை, காப்பிதான். 1820களில் கம்பளைப் பக்கம் சின்னப்பிட்டியவில் தொடங்கிய காப்பித் தோட்டத்தை வைத்துத்தான் மலையகத்தின் 200 ஆண்டுகளை 2023இல் நினைவுகூர்ந்தோம். அந்த வருடம் ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணம், 252 கிலோமீட்டரையும் 16 நாளில் நடந்து ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளைக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பதினாறு நாளும் எல்லோரும் பேசினோம், ஸ்டேட்டஸ் போட்டோம். பிறகு வந்த லீவுக்கு மறுபடி நுவரெலியா!

ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். மேடைகளில் "நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் இந்தக் காட்டு வழியா நடந்து வந்தவங்க" என்று பேசுவது கேட்க நன்றாக இருக்கும். எல்லோரும் அப்படி வரவில்லை. காப்பிக் காலத்தில் வந்தவர்கள் பலர் பறிப்புக் காலத்துக்கு வந்து, முடிந்ததும் ஊருக்குத் திரும்பிப் போனவர்கள். தேயிலை வந்து வருடம் முழுக்க வேலை என்றான பிறகுதான் குடும்பங்களாக வந்து தங்குவது கூடியது. அந்த நூற்றாண்டின் கடைசியில் நடைவழி மங்கி, தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்புக்கு வருவது பெருகிவிட்டது. 1914இல் தலைமன்னார் ரயில் பாதை திறந்த பிறகு வந்தவர்கள் தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, இந்தப் பக்கம் கோச்சியில் உட்கார்ந்து வந்தார்கள். எங்கள் குடும்பம் எந்த ரகம் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதமும் எங்களிடம் இல்லை. உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் நடந்தவரானாலும் கோச்சியில் வந்தவரானாலும் பெரும்பாலோருக்கு வாசல் மன்னார்தான்.

கெம்பஸில் முதல் வருடம் ஐந்திணை படித்தபோது, பாலைக்குத் தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் வறண்டு திரிந்தால் அதுதான் பாலை என்று விரிவுரையில் சொன்னார்கள். பாலைக்கு உரியது பிரிவு. பொருள் தேடிப் போகிறவன் அந்த வழியாகத்தான் போவான், பின்னால் ஒருத்தி வீட்டில் காத்திருப்பாள். சோதனைக்காக எல்லோரும் அதை மனப்பாடம் பண்ணினோம். அதே வகுப்பில் பாதிப்பேர் தோட்டத்துப் பிள்ளைகள். பொருள் தேடிப் பாலை கடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் என்று எங்களைப் பற்றி ஒருவருக்கும் தோன்றவில்லை. பாலை என்றால் ராஜஸ்தான் மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டு இருந்தோம்.

போன ஆகஸ்டில் வீட்டில் சண்டை போட்டு ஒரு வேன் பிடித்தேன். அப்பா, அம்மா, தம்பி, மாமா வீட்டார் நாலு பேர், அம்மாயி, நான். அப்பாவைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவருக்கு வடக்கே போகிற ரோடு என்றாலே சோதனைச் சாவடிதான். இறங்கி, ஐடென்டிட்டி கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையில் நின்று, எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று பதில் சொன்ன காலத்து ஆள் அவர். "அந்தப் பக்கம் சும்மா பாக்கப் போறதுக்கு என்னா இருக்கு" என்று அவர் சொன்னதில் வெயிலைப் பற்றிய பேச்சே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. நம்ம வயதுக்காரர்களுக்கு இது ஒரு ரோடு. அப்பாமாருக்கு இது வேறு ஏதோ.

காலை ஐந்து மணிக்கு மாத்தளையில் குளிர். அலுவிகாரையைத் தாண்டினால் மிளகுக் கொடியும் கொக்கோவுமாக ஸ்பைஸ் கார்டன்கள் வரிசையாக வரும். நாலந்தாவில் நின்றோம். அங்கே இருக்கிற கெடிகே பல்லவர் பாணிக் கற்கோயில். போவதென்ன நீர்த்தேக்கம் கட்டியபோது அது தண்ணீருக்குள் போய்விடும் என்று கல் கல்லாகக் கழற்றி மேட்டில் மறுபடி கட்டினார்கள். நல்ல வேலை. கல்லுக்கு அவ்வளவு அக்கறை. அதற்குப் பக்கத்தில் போகிற ரோட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தார்கள் என்று சொல்ல, நாங்கள் நின்ற எந்த இடத்திலும் ஒரு போர்டு எங்கள் கண்ணில் படவில்லை.

நாவுல தாண்டியதும் மலை இரண்டு பக்கமும் விலகிப் போகும். காற்று மாறும். ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் நேரம் பார்க்காமலே தெரியும். தம்புள்ளையில் டீ குடிக்க நின்றபோது டிரைவர் அண்ணன், 1848 கிளர்ச்சியில் கொங்காலேகொட பண்டாவுக்கு இங்கேதான் முடி சூட்டினார்கள் என்று சொன்னார். ஸ்கூலில் நாங்களும் படித்ததுதான். அதே காலத்தில் காப்பித் தோட்டத்துக்கு ஆட்கள் இந்த வழியாகத்தான் நடந்து வந்தார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ ரெண்டு கதையும் ஒரே ரோட்டிலயா?" என்று சிங்களத்தில் கேட்டார். அவருக்கு இதை யாரும் சொன்னதில்லை. எங்கள் புத்தகத்திலும் இரண்டும் வேறு வேறு பாடம்தான்.

கெக்கிராவ, மரதன்கடவல, மிகிந்தலை எல்லாம் குளமும் வயலுமாகக் கடந்து போயின. மதவாச்சிக்குப் பிறகுதான் பயணம் கனக்கத் தொடங்கியது. செட்டிகுளம் தாண்டினால் பற்றைக்காடு. இலையெல்லாம் தூசி. பாலை மரங்கள் நின்றன, பழக் காலம் முடிந்துவிட்டது. காப்பி பறிப்பு வருடத்தின் கடைசி மாதங்களில் என்பதால், நாங்கள் போன ஆடி, ஆவணி வெயிலில்தான் நிறையப் பேர் நடந்திருக்க வேண்டும். குளங்கள் வற்றுகிற காலம். வாந்திபேதி, அம்மை, காய்ச்சல். எத்தனை பேர் வழியில் செத்தார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. பிற்காலத்தில் அரசாங்கம் வழியில் கிணறும் தங்குமடமும் அமைத்தது என்பதே முன்னால் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி. வேனில் ஏசி போட்டிருந்தோம். மடுச் சந்திக்குப் பக்கத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் ரோட்டோரமாக நடந்து பார்ப்போம் என்றேன். தம்பி ஐந்தாவது நிமிடத்திலேயே வேனுக்குள் ஏறிவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் தலை சுற்றியது.

அம்மாயி மட்டும் இறங்கவே இல்லை. அவருக்கு இந்த வழியில் வேறொரு கணக்கு இருந்தது. 1948இல் பிரஜாவுரிமை போனது, 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக இரண்டு நாடும் பேசி முடித்தன. இதெல்லாம் பாஸ் பேப்பரில் வரும். அம்மாயிக்கு அது அவருடைய அக்கா. எழுபதுகளில் புருஷன் பிள்ளைகளோடு மாத்தளை ஸ்டேஷனில் கோச்சி ஏறி, இடையில் மாறி, தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம். பிறகு கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலேயே வேலை. அப்படிப் போன வண்டிகளை நம்ம ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்றுதான் சொல்வார்கள். பிளாட்போமில் நின்று கட்டிப்பிடித்து அழுதது மட்டும்தான் அம்மாயிக்குத் தெரியும். கோச்சி அதற்குப் பிறகு எங்கே போனது என்பதை ஐம்பது வருடமாக அவர் பார்த்ததில்லை.

இன்னும் ஒரு முறையும் நம்மவர்கள் இந்த வழியே போனார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டுக் கிளம்பி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினார்கள். 1983க்குப் பிறகும் போனார்கள். போர் கடைசியில் அவர்களையும் விடவில்லை. உங்கள் வீட்டிலும் "வவுனியாவுல ஒரு சித்தப்பா இருந்தாரு" என்று பாதியில் நிற்கிற கதை ஒன்று இருந்தால் விசாரித்துப் பாருங்கள். வந்த வழி, அனுப்பப்பட்ட வழி, ஓடிய வழி எல்லாமே இந்த ஒன்றுதான் என்கிறபோது, அதைக் குடும்பமாக ஒரு தரம்கூடப் பார்க்காமல் இருக்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

மாமா சொன்ன எதிர்ப்பையும் சொல்ல வேண்டும். "டூர்னா ஜாலியா இருக்கணும்டா, அங்கயும் போய் அழுவணுமா?" நியாயமான கேள்வி. வருடம் முழுக்க உழைக்கிறவர்களுக்கு இரண்டு நாள் சிரிப்பு வேண்டும். ஆனால் நாங்கள் அழுதுகொண்டே போகவில்லையே. மன்னாரில் ரோட்டில் நிற்கிற கழுதைகளைப் பார்த்து மாமா பிள்ளைகள் போட்ட கூத்து கொஞ்சநஞ்சமில்லை. பள்ளிமுனையில் பெருக்கு மரத்தைச் சுற்றி எல்லோரும் கை கோத்துப் பார்த்தோம், ஒன்பது பேர் போதவில்லை. பேசாலையில் பொரித்த மீன் வாங்கிச் சாப்பிட்டபோது மாமா இரண்டாவது தட்டும் கேட்டார்.

கெம்பஸ் நண்பன் ஒருவன் கேட்டது இதைவிடக் கூரானது: "கஷ்டத்தையும் வியூ பொயின்ட் ஆக்கப் போறியா?" இந்தப் பயம் எனக்கும் உண்டு. துரைமார் பங்களாக்கள் இப்போது ஹோட்டல்கள். அங்கே போய் நின்று எடுக்கிற போட்டோவில் தேயிலை வரும், பனி வரும், லயம் மட்டும் வெட்டப்பட்டிருக்கும். செம்புவத்தவில் நம்ம பிள்ளைகளே அப்படித்தான் எடுக்கிறோம். நாளைக்கு யாராவது கம்பெனிக்காரர் ஏ14 வழியை "பாரம்பரியப் பாதை" என்று பெயர் வைத்து விற்கவும் கூடும். அதற்கு முன்னால் நாம் போய்விட வேண்டும் என்றுதான் சொல்கிறேன். இந்தக் கதையின் சொந்தக்காரர்கள் தங்கள் வீட்டுக் கிழவியோடு, தங்கள் காசில், சோற்றுப் பார்சலோடு போவதும், அதை வாங்கி விற்பதும் ஒன்றல்ல.

தலைமன்னார் இறங்குதுறைக்குப் பிற்பகல் போய்ச் சேர்ந்தோம். போரில் அழிந்த ரயில் பாதையை 2015இல் மறுபடி திறந்தார்கள், கோச்சி இப்போது வருகிறது. கப்பல்தான் இல்லை. கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. அந்தப் பக்கம் தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி ஊரே போய்விட்டது. அம்மாயி அங்கேதான் வேனை விட்டு இறங்கினார். கடலைப் பார்க்கவில்லை. தண்டவாளம் முடிகிற இடத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். "இவ்வளவு தூரமா கொண்டாந்து விட்டானுங்க" என்றார். திரும்பி வரும்போது அக்காவைப் பற்றி நாங்கள் யாரும் கேட்டிராத கதைகளைக் கெக்கிராவ வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். அப்பாவும் முன் சீட்டிலிருந்து ஒன்றிரண்டு சொன்னார். நான் ஃபோனில் ரெக்கோர்ட் பண்ணினேன். பாதியில் சார்ஜ் போய்விட்டது.

போக நினைக்கிறவர்களுக்கு: வேனுக்குக் காசில்லை என்றால் கண்டியிலிருந்து வவுனியா போகிற பஸ் மாத்தளை வழியாகத்தான் வரும். மதவாச்சியில் இறங்கி மன்னார் பஸ் எடுக்கலாம். ஒரு இரவு மன்னாரில் தங்கிவிடுங்கள், வயதானவர்களால் ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாது. ஃபோனை முதல் நாளே சார்ஜ் பண்ணுங்கள். தண்ணீரை மதவாச்சியிலேயே நிறைய வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு கடைகள் தூரம் தூரமாகத்தான் இருக்கின்றன.