எண்ணுறது பங்கு கொடுக்கவா, சீட்டைப் புடுங்கவா?

தோழர்களே, ரெண்டு நிமிஷம் நிதானமா படிங்க.

"விழுப்புரமா? பின்தங்கின ஏரியா"ன்னு டிவி விவாதத்துல சுலபமா சொல்லிட்டுப் போறாங்க. எந்தக் கணக்கை வெச்சு? 2011 கணக்கை வெச்சு!

அப்போ பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் 34.58 லட்சம் பேர். எழுத்தறிவு 72%, மாநிலத்தில் 80%. நகரவாசிகள் 15%, மாநிலத்தில் 48%. பட்டியல் சமூக மக்கள் 29%, மாநிலத்தில் 20%.

இதை நாம மறைக்கல. ஆனா இது பழைய கணக்கு. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாச்சு. 2011-ல் பால்வாடிக்குப் போன குழந்தை இப்போ ஓட்டுப் போடுற வயசுக்கு வந்தாச்சு. 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பை கொரோனான்னு தள்ளி வெச்சாங்க. கொரோனா போச்சு, தேர்தல் மேல தேர்தல் வந்துச்சு, ஆனா தலைகளை எண்ணுறது மட்டும் 2027-லதானாம்!

நஷ்டம் யாருக்கு? உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல ஒன்றியத் தொகுப்பு அரிசிக்கு இன்னைக்கும் 2011 தலைக்கணக்குதான். அதுக்கப்புறம் விக்கிரவாண்டியில பிறந்த பிள்ளை டெல்லி கணக்குல இல்லவே இல்ல.

பங்கு கொடுக்க எண்ணாதவங்க, தொகுதி மறுவரையறைன்னா மட்டும் துள்ளிக் குதிக்கிறாங்க. கோடு மாத்தினா என்ன ஆகும்னு நம்ம ஊருக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 2008 மறுவரையறையில திண்டிவனம் எம்.பி. தொகுதியே காணாமப் போச்சு. திண்டிவனம், வானூர், விழுப்புரம், விக்கிரவாண்டி, திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை சேர்ந்து விழுப்புரம் தனித் தொகுதி. பக்கத்துல இருக்கிற செஞ்சியும் மயிலமும் ஆரணிக்குப் போச்சு!

அப்பவாவது மாநிலத்துக்கு 39 மாறல. இப்போ "ஒரு சீட்டும் குறையாது"ங்கிறாங்க. சரி, 543-ல் 39-ன்னா 7.2%. மத்த மாநிலத்துக்கு ஏத்திட்டு நமக்கு 39-லயே நிறுத்தினா, அந்த 7.2% என்ன ஆகும்? ஐந்தாம் வகுப்புக் கணக்குங்க இது.

குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்கா செஞ்சது நம்ம அம்மாக்களும் பாட்டிகளும். அதுக்குப் பரிசு, நாடாளுமன்றத்துல குரல் குறையறதா?

நம்ம கோரிக்கை நேரானது. எங்களை எண்ணுங்க, சாதிவாரியா எண்ணுங்க, அந்தக் கணக்குப்படி அரிசியும் நிதியும் கொடுங்க. அதே கணக்கைக் கத்தியாக்கி எங்க சீட்டுல கை வைக்காதீங்க.

டீக்கடையில யாராவது "பின்தங்கின ஊரு"ன்னு ஆரம்பிச்சா, "எந்த வருஷக் கணக்கு, அண்ணே?"ன்னு கேளுங்க. மீதியை அவரே யோசிப்பார்.

பகிருங்கள் தோழர்களே!

#எண்ணு_பங்கு_கொடு #விழுப்புரம் #திண்டிவனம்