குழுவில் பிள்ளைகள் எங்கே?

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்களுக்கு வாட்ஸ்அப் குழுதான் ஆசிரியர் அறை, அலுவலகம், அறிவிப்புப் பலகை எல்லாமே. என்ஐஓஎஸ் எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது, ஒப்படைப்புகளை எப்படிப் பதிவேற்றுவது, பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிரம்ப வேண்டுமா என்று கேள்விகள் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்பவர் பெற்றோர், பதில் சொல்பவரும் பெற்றோர். படிக்கிற பிள்ளைக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை. இந்தப் பழக்கம் மாற வேண்டும் என்பதே என் கட்சி.

2009-இன் கட்டாயக் கல்விச் சட்டம் வீட்டுக்கல்வியைப் பெயர் சொல்லித் தடுக்கவுமில்லை, அங்கீகரிக்கவுமில்லை. அந்த இடைவெளியில் என்ஐஓஎஸ் கைகொடுக்கிறது: ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு, ஒப்படைப்புகளுக்கு 20 சதவீத மதிப்பெண். இரண்டுமே பிள்ளை தனியாக என்ன எழுதுகிறது என்பதைத்தான் அளக்கின்றன. தன் பதிலைச் சம வயதுக்காரன் மறுக்கும்போது என்ன செய்வது என்பதை எந்த ஒப்படைப்பும் கேட்பதில்லை. வகுப்பறையில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் அதைக் கேட்டுவிடும். வீட்டில் அம்மா 'சரிதான்' என்பதோடு பாடம் முடிந்துவிடும். புதுச்சேரியிலேயே அரவிந்தர் ஆசிரமக் கல்வி மையம் தேர்வும் பட்டமும் இல்லாமல் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. தேர்வைக் கைவிட்ட அந்தப் பள்ளியும்கூட, சக மாணவரைக் கைவிடவில்லை.

'புதுச்சேரிக்கு விடுதலை கிடைத்தது எப்போது?' என்று பிள்ளைகளுக்கென ஒரு குழு தொடங்கி அதில் போட்டுப் பாருங்கள். பாடநூலை நம்பும் பிள்ளை 1947 என்று எழுதும். இன்னொன்று 1954 நவம்பர் 1 என்று திருத்தும். புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்ற பிறகு, 1962 ஆகஸ்ட் 16-இல்தானே சட்டப்படி கைமாறியது என்று மூன்றாவது பிள்ளை மல்லுக்கு நிற்கும். அப்போதுதான் கீழூர் பேச்சுக்கு வரும்: 1954 அக்டோபர் 18-இல் 178 பிரதிநிதிகள் அங்கே கூடி, 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்கள். எதிர்த்த எட்டுப் பேருக்கு என்ன காரணம் இருந்திருக்கும்? குழுவில் யாருடைய தாத்தாவாவது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவராக இருந்தால் விவாதம் வேறு பக்கம் திரும்பும். மூன்று தேதிகளையும் மனப்பாடம் செய்வது அரை மணி நேர வேலை. அவற்றில் ஒன்றுக்காக வாதாடித் தோற்பதற்கு எதிரில் ஆள் வேண்டும்.

ஏற்கெனவே கைப்பேசியில் மூழ்கிக் கிடக்கும் பிள்ளைக்கு இன்னொரு குழுவா, பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்ற கவலை நியாயமானது. வாட்ஸ்அப்பே 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை. 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டோரின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆகவே பத்துப் பேருக்கு மேற்படாத குழு, கவனிக்க இரண்டு பெரியவர்கள், வாரத்துக்கு ஒரே கேள்வி, தனிச்செய்தி கூடாது என்ற கட்டுப்பாடு போதும். பெரியவர்கள் வாய் திறக்காமல் இருப்பதுதான் இதில் கடினமான விதி. 'அப்படியானால் பள்ளிக்கே அனுப்பலாமே' என்பாரும் உண்டு. அனுப்பலாம்தான், ஆனால் அனுப்பாத பெற்றோரின் முடிவுக்குப் பிள்ளை தனிமையை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை.

எனக்குக் கனமாகப் படும் ஆட்சேபம் வேறு. வீட்டுக்கல்விக்கு நேரமும் பணமும் வேண்டும். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் மட்டும் தங்களுக்குள் பேசிக்கொண்டால், ஒரே வீட்டுப் பேச்சு பத்து வீட்டில் ஒலிக்கும், அவ்வளவுதான். குழுவில் பாதிப் பேர் அரசுப் பள்ளி மாணவராக இருந்தால் இதைத் தவிர்க்கலாம். அவர்கள் மாதம் ஒருமுறையாவது நேரில் கூட வேண்டும். அதற்கு 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகத்தைவிட நல்ல இடம் இந்த நகரத்தில் இல்லை. கலை பண்பாட்டுத் துறை அங்கே ஒரு சனிக்கிழமை மாலைக்கு ஒரு மேசை ஒதுக்கித் தரட்டும். பெற்றோர், அட்மின் பொறுப்பைப் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்றிடம் கொடுத்துப் பார்க்கட்டும்.