படை தோலிலா, ஊரார் புத்தியிலா?

சொரியாசிஸ் என்றும், நம் சித்த வைத்தியர்களால் காளாஞ்சகப்படை என்றும் சொல்லப்படும் தோல் வியாதியைப் பற்றிச் சிறிது எழுத வேண்டியிருக்கிறது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழிதவறித் தோலைத் தூண்டிவிடுவதால், சுமார் ஒரு மாதத்தில் வளர்ந்து உதிர வேண்டிய தோல், சில நாள்களிலேயே வளர்ந்து தடித்துச் செதிலாகக் கொட்டுகிறது. இது ஒட்டுவாரொட்டி அல்ல. தொட்டாலும் ஒட்டாது, ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது.

சங்கதி இவ்வளவுதான். ஆனால் நம் ஜனங்கள் செய்வதென்ன? முடிதிருத்தும் கடையில் "அப்புறம் வாருங்கள்" என்கிறார்கள். பெண்ணுக்கு இருந்துவிட்டால் கல்யாணப் பேச்சே நின்றுபோகிறது. சோதிடன் நாகதோஷம் என்கிறான், புரோகிதன் பரிகாரத்துக்குப் பட்டியல் போடுகிறான், வீட்டுக் கிழவியோ பூர்வஜென்மப் பாவம் என்கிறாள். கைக்குழந்தைக்கும் இவ்வியாதி வருவதுண்டே, அது செய்த பாவமென்ன? போன ஜென்மத்தில் செய்தது என்பார்கள். பார்த்த சாட்சி யார் என்று கேட்டால் மட்டும் கோபம் வந்துவிடும்!

ஐரோப்பாவிலும் வெகுகாலம் இதைக் குஷ்டத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். 1841-இல் வியன்னா டாக்டர் ஹெப்ரா இது வேறு, குஷ்டம் வேறு என்று பிரித்துக் காட்டினார். (குஷ்டரோகியை மட்டும் விரட்டலாம் என்று நாம் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம்.) 2014-இல் உலக சுகாதார சபை, இந்நோயாளிகளுக்கு நேரும் இழிவை எதிர்த்து எல்லா நாடுகளும் வேலை செய்ய வேண்டுமென்று தீர்மானமே செய்திருக்கிறது.

நிற்க. நமக்குத் தெரிந்த தோழர் ஒருவர் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். கறுப்புச் சட்டையில் அவருக்கு ஆசை உண்டு. ஆனாலும் தோளில் விழும் செதில் தெரியுமென்று போடுவதில்லை. பிள்ளைகள் எழுமுன் படுக்கையைத் தானே உதறிப் பெருக்கிவிடுவார். பதினோரு வருஷமாக வைத்தியம். டாக்டர் தோலைப் பார்ப்பார், களிம்பு எழுதுவார், அடுத்தவரைக் கூப்பிடுவார். ஒருநாள் நாம், "தூங்குகிறீரா? மனது எப்படி இருக்கிறது?" என்று சாதாரணமாய்த்தான் கேட்டோம். அந்த மனிதர் இரண்டு மணி நேரம் பேசினார். சாகலாமா என்று நினைத்த நாளும் உண்டாம். கடைசியில், "இதை யாராவது கேட்கமாட்டார்களா என்றிருந்தேன்" என்றார்.

மனக் கவலையைச் சொல்ல நம்மவர்கள் சம்மதிக்கமாட்டார்கள், பைத்தியமென்று பேர் வருமென்று பயப்படுவார்கள் என்கிறார்கள். பயம் இருப்பது மெய். ஆனால் கேட்டவர்கள் எத்தனை பேர்? கவலை மிகுந்தால் படையும் மிகுவதைப் பல நோயாளிகள் அனுபவத்தில் அறிவார்கள். அமெரிக்காவில் 37 நோயாளிகளை வைத்துச் செய்து 1998-இல் வெளியிட்ட ஒரு பரீட்சையில், ஒளிச் சிகிச்சையின்போது மனதை அமைதிப்படுத்தும் ஒலிநாடாவைக் கேட்டவர்களுக்கு, கேளாதவர்களைவிடச் சீக்கிரமாகவே தோல் தெளிந்தது. சிறிய பரீட்சைதான். உடனே மந்திர மகிமை என்று யாரும் கிளம்ப வேண்டாம், அதில் சாமியும் இல்லை, தட்சணையும் இல்லை. மருந்தை நிறுத்தச் சொல்லவும் இல்லை.

2022 முதல் 14416 என்ற எண்ணில் காசில்லாமல், தமிழிலேயே, மன ஆறுதலுக்குப் பேச இந்திய சர்க்கார் ஏற்பாடு செய்திருக்கிறது. தோல் ஆஸ்பத்திரிச் சீட்டில் களிம்பின் பெயருக்குக் கீழே இந்த ஐந்து எண்களையும் எழுத டாக்டருக்கு எவ்வளவு மை செலவாகும்?